ஜெஸ்மியின் பெயரில்

பாஸ்வேர்டை மறந்துவிடுவது பெரிய விஷயமில்லை. நான் சாத்தான்குளத்தில் தலைமையாசிரியராக இருந்தபோது, அரசு கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. வாங்கிய ஒரே வாரத்தில் பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் பிள்ளைகள் என் அறை வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்காகவே கற்றுக்கொண்டேன். பழைய பாஸ்வேர்டு என்ன என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை. அடுத்தவர் அந்தரங்கத்தில் கை வைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

எழுபத்தொரு வயதில் மகளின் லினக்ஸ் லேப்டாப்பை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. எழுதிக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு மறுபடி போடும்போது ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு பட்டியல் வரும். அதில் ரெக்கவரி மோடுக்குள் போய் ரூட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீ யார் என்று கேட்காமல் உள்ளே விட்டுவிடும். டிஸ்க்கை முதலில் எழுதத்தக்கதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் எதுவும் பதியாது. பிறகு பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை, அவள் பெயர், புதியது இரண்டு முறை. அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. டிஸ்க்கையே அவள் பூட்டி வைத்திருந்தால் நான் தோற்றிருப்பேன். வைக்கவில்லை. வீட்டில் அப்பா மட்டும்தானே என்று இருந்திருப்பாள்.

ஜெஸ்மி என் ஒரே மகள். மாடி அறையில் இருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். திரேஸ்புரத்து வில்பிரட்டைக் கட்டப்போவதாகச் சொன்னாள். சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை. நல்ல பையன் என்றாள், நான் மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் நான்கு தலைமுறையாக நாசரேத்தில் உபதேசியார்கள், ஆசிரியர்கள். அவர்கள் வேறு சபை, வேறு சனம். அவன் ஊருக்கு வந்ததும் அவர்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்களாம். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சனத்தைக் கேட்பார்கள். ‘தனராஜ் மகள் ஜெஸ்மி’ என்று அங்கே வாசிக்கப்படுவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதம் துறைமுகச் சாலையில் லாரி அவள் ஸ்கூட்டரை இடித்தது. போன் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. தலையில் அடி. நான்காம் நாள் பேச்சு தெளிந்ததும் லேப்டாப்பைக் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்ட கையால் பல முறை அடித்துப் பார்த்தாள்.

“மறந்தே போச்சு யப்பா. அவரு நம்பர், அட்ரஸ் எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க தொறந்து தாங்க.”

“அதெல்லாம் லேசுல தொறக்காது ளா.”

“ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் தொறந்து குடுத்த ஹெட்மாஸ்டருக்கு எம் பொட்டி மட்டும் தொறக்காதாக்கும்?” என்று சிரித்தாள். விலா வலித்ததால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் வைத்துத் திறந்தேன். அவள் மெயில் உள்ளே திறந்தபடியே இருந்தது. ‘அப்பா சொல்வதே சரி. இனி எழுதாதே’ என்று அவள் பெயரில் வில்பிரட்டுக்கு அனுப்பினேன். அவளிடம், அடிபட்டதைத் தெரிவித்துவிட்டேன், தலைக்காயம் ஆறும்வரை நீ திரையைப் பார்க்கக் கூடாது என்றேன்.

தினமும் கேட்டாள். “பதில் வந்துச்சாப்பா?”

“வரல.”

“அவரு அப்பிடிப்பட்ட ஆளு இல்லியே.”

“ஆளு தெரியாமப் பழகிட்ட” என்றேன்.

பதினோரு பதில்கள் வந்திருந்தன. ஒன்றையும் அவளுக்குக் காட்டவில்லை. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பாடும் வேண்டாம் என்றாள். உடம்பில் கிருமி ஏறிவிட்டது, எதிர்த்து நிற்கத் தெம்பில்லை என்றார் டாக்டர். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். நாசரேத்தில் எங்கள் குடும்பத்தார் பக்கத்தில் அடக்கம் செய்தோம். எல்லாம் முறையாக நடந்தது.

வில்பிரட்டுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வருவான். கல்லறையில் விழுந்து, உரிமையுள்ளவன்போல அழுவான். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். பதிலே போடாவிட்டாலும் தேடி வந்துவிடுவான். ஆகவே ஜெஸ்மியாகவே பதில் எழுதினேன். போனை அப்பா பிடுங்கிக்கொண்டார், மெயில் மட்டும்தான் என்றேன். அது பொய்தான், ஆனால் கெட்ட பெயர் எனக்குத்தான், அவளுக்கில்லை. அவள் நடை பிடிபட, பழைய கடிதங்களை எல்லாம் படிக்க வேண்டியிருந்தது.

என் மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஜெஸ்மியின் முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு வீட்டுக்கு யாரும் வரவில்லை. மீன் கொண்டுவரும் தங்கத்தாய் மட்டும், “சார், ஒத்தையில இருந்து யாருகிட்ட பேசுவிய, சுவத்துகிட்டயா? ரெண்டு விளமீன் போடவா?” என்பாள். வில்பிரட் தினமும் எழுதினான். நடுக்கடலில் மழை பெய்ததை எழுதுவான். சாப்பிட்டாயா என்று கேட்பான். சாப்பிட்டேன், என்ன குழம்பு என்று எழுதுவேன். எழுதுவதற்காகவே சில நாள் குழம்பு வைத்தேன்.

டிசம்பரில் கப்பலிலிருந்து இறங்குகிறேன், ஓலை கொடுக்கட்டுமா, இல்லையென்றால் இனி தொந்தரவு செய்யமாட்டேன் என்று கேட்டான். இரண்டு நாள் பதில் போடவில்லை. அவனும் எழுதவில்லை. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள், கொடு என்று எழுதினேன். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டான். அதையும் அனுப்பி, மூன்று ஓலையும் முடியும்வரை வீட்டுப் பக்கம் வராதே என்று எழுதினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். தங்கத்தாய் அந்தக் கோயில்காரி. பூசை முடியும்வரைகூடப் பொறுக்காமல் எழுந்தாளாம். “சாமி, அந்தப் பிள்ளைய அடக்கம் பண்ணி ஆறு மாசம் ஆச்சே. எந்தப் பாவி குடுத்த ஓலை இது?” வில்பிரட் முன்வரிசையில் புதுச் சட்டையோடு நின்றிருந்தானாம்.

அந்தப் பாவி நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ போடுகிறேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போகும் முன் ஐந்து நிமிடம் மட்டும் தாருங்கள். ஞாயிறிலிருந்து அவனிடமிருந்து கடிதம் இல்லை. அவனுக்குக் கோபம் என்மீதுதான் இருக்கும். ஜெஸ்மி எழுதினால் பதில் போடுவான்.