வடக்கு ஜன்னல் பாத்தி

காளான் வளர்ப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, டாக்டர். வைக்கோலை நறுக்கி ஊறப்போட்டு, வெந்நீரில் அவித்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்கிற பதத்துக்கு உலர்த்த வேண்டும். பிறகு நீளமான பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு பிடி காளான் விதை என்று மாற்றி மாற்றி அடைத்து, துளை போட்டுத் தொங்கவிட்டால் முடிந்தது. மூன்றாவது வாரம் துளைகளில் வெள்ளை மொட்டு எட்டிப் பார்க்கும். இருட்டும் ஈரமும் பொறுமையும் போதும். பொறுமைக்கு என்னிடம் எப்போதுமே குறைவில்லை.

நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் தவறான பதில் எழுதிவிட்டேன். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். எட்டு மாதத்துக்கு முன்பு என் தங்கையை முதன்முதலாக உங்களிடம் அழைத்து வந்தபோது, மூன்று பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அவள் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது, பேனா பிடிக்கிற நிலையில் இல்லை. நான்தான் நிரப்பினேன். பதினான்காவது கேள்வி: வீட்டில் புறா, கோழி, ஈர வைக்கோல், பூஞ்சை, காளான் இவற்றில் ஏதேனும் உண்டா? "இல்லை" என்று எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண், என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகச் சொன்னாள்.

அந்த நேரத்தில் என் வீட்டில் பதினெட்டுப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தால், லிஃப்டிலிருந்து தொடங்குவதுதான் சரி. என் தங்கை வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் ஆறாவது மாடியில் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு லிஃப்ட் நடுவில் நின்று, அவள் முக்கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவுக்கு வெளியே இருந்த மெக்கானிக், அவள் பயந்துவிடக் கூடாது என்று கதை பேசிக்கொண்டே வேலை செய்திருக்கிறார். கதவு திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாளாம். அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று, அவருக்கு நாற்பத்தைந்து. ஆறு மாதத்தில் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல், பஸ்ஸில் நான்கு மணி நேரம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே கிளம்புவதாக ஏற்பாடு.

நான் எதிர்ப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அம்மா போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது முதல் ஆபீஸுக்கு மனுப் போட்டது வரை எல்லாம் நான். எனக்கு வந்த இரண்டு வரன்களை அவளைக் காரணம் காட்டித் தட்டிக்கழித்தேன். அவள் என்னைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவளும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே மூன்று காளான் பைகள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், ஒரு சின்னப் புத்தகம்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"நான் போனப்புறம் உனக்குப் பொழுது போகணும்ல அக்கா. தினம் தண்ணி காட்டணும், பாத்துக்கணும். உனக்குத்தான் யாரையாவது பாத்துக்கலேன்னா தூக்கம் வராதே."

லிஃப்ட் மெக்கானிக் சிரித்தார். "இதுங்க லிஃப்ட் மாதிரி நடுவுல நிக்காது அக்கா. ஒரே ராத்திரியில மேல வந்துடும்."

நானும் சிரித்தேன். ஆனால் மனசு விட்டுப்போனது. முப்பது வருடத்துக்குப் பதிலாக மூன்று பை.

இருந்தாலும் எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவள் படுக்கையறையை ஒட்டி ஒரு சாமான் அறை உண்டு. ஜன்னல் இல்லாத அறை, காளானுக்குத் தோது. அங்கே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மூன்று பை ஏழாயிற்று, ஏழு பதினெட்டாயிற்று. "உன் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று தங்கை தினமும் கிண்டல் செய்வாள். காளான் சூப்பை இரண்டு கிண்ணம் குடிப்பாள்.

முதல் தடவை நடந்தது என் தப்பில்லை. நான் வேலை பார்க்கும் பல் செட் லேபில் வேலை அதிகம் என்று இரண்டு நாள் அறுவடையை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தொப்பிகள் விரிந்து, ஓரம் மேல்பக்கமாகச் சுருண்டு, கீழே இருந்த பெட்டிகள்மேல் மாவு சலித்ததுபோல் வெள்ளைப் பொடி. அன்று சாயங்காலம் தங்கைக்கு இருமல், குளிர், காய்ச்சல். ஃப்ளூ என்று நினைத்தோம். பதிவுத் தேதியைப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பதினைந்து நாளும் நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். நெற்றியில் துணி போட்டேன், வெந்நீர் கொடுத்தேன். "நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

பிறகு அவள் சித்தி மகள் வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கினாள். இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே மறுபடியும் ஆரம்பித்தது. நான் மண்டு இல்லை, டாக்டர். விதை வாங்கும்போது கடைக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"தொப்பி ஓரம் சுருளுறதுக்கு முன்னாடி அறுத்துடணும்மா. விட்டீங்கன்னா வித்து வெள்ளைப் பொடியா கொட்டும். சில பேர் நெஞ்சுக்கு அது ஒத்துக்காது. என் மாமியாருக்கு ஒத்துக்கலைன்னுதான் கொட்டகையையே தோட்டத்துக் கோடிக்கு மாத்துனேன். வீட்ல யாருக்காவது இருமல் இருக்கா?"

"இல்லைங்க," என்றேன்.

அதுதான் முதல் "இல்லை". உங்கள் படிவத்தில் எழுதியது இரண்டாவது.

தூசியைப் பற்றி எனக்குத் தெரியாது என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. இருபத்தாறு வருடமாகப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பல் அச்சு வார்த்த மாவுக்கல்லைத் தேய்க்கும்போதும் பாலிஷ் போடும்போதும் மாஸ்க் இல்லாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. காளான் அறைக்குப் போகும்போதும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். அலமாரியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. தங்கைக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. தோன்றியது, கொடுக்கவில்லை.

நான் செய்ததெல்லாம் இரண்டே காரியம். அறுவடையைத் தேவைப்பட்டபோது இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். இரண்டு அறைக்கும் நடுவில் மேலே ஒரு வென்டிலேட்டர் உண்டு, அதில் அடைத்திருந்த அட்டையை எடுத்தேன். காளானுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

அவளைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. தேதி நெருங்கும்போது அவளுக்குக் கொஞ்சம் முடியாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் தள்ளினால் போதும், மனசைத் தேற்றிக்கொள்வேன் என்று நினைத்தேன். அந்த மாதம் போனதும் இன்னொரு மாதம் தேவைப்பட்டது. நான்கு தடவை தேதி மாறியது. ஒவ்வொரு தடவையும் பஸ் பிடித்து வந்து, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நமக்கென்ன அவசரம், ரயிலா போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் காளானால ஏதாவது இருக்குமோ? நாங்கதான் வாங்கிக் கொடுத்தோம், அதான் உறுத்தலா இருக்கு."

நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "அதை அப்பவே டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டார்."

அவர் பெருமூச்சு விட்டார். அவ்வளவு நிம்மதி அவர் முகத்தில். உங்கள் பெயரைச் சொல்லி நான் சொன்ன பொய் அது. மற்றதையெல்லாம்விட அதற்காகத்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன்பு ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினீர்கள். நினைவிருக்கும். நுரையீரலின் அடிப்பகுதியில் தேன்கூடு மாதிரி இருந்த இடத்தை விரலால் தொட்டீர்கள்.

"இது தழும்பும்மா. விழுந்தது விழுந்ததுதான், இனிமே ஆறாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும். உங்க வீட்லதான் ஏதோ இருக்கு, நல்லா யோசிங்க. நல்ல காத்து வேணும். ஜன்னலைத் திறந்தே வைங்க."

தங்கை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க அக்கா மாதிரி வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கிறவங்க யாருமே இல்ல டாக்டர்."

வீட்டுக்கு வரும்போது மூன்று படி ஏற அவள் இரண்டு இடத்தில் நின்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எடை இவ்வளவுதானா என்று அப்போதுதான் தெரிந்தது. நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் கல்நெஞ்சக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, அவளை முன்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, சாமான் அறையைக் காலி செய்தேன். பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்து, சுவரைக் கழுவி, வென்டிலேட்டரில் பலகை வைத்து ஆணி அடித்தேன். அதில் குறையொன்றும் வைக்கவில்லை. சித்தி மகளை அழைத்துப் பார்க்கச் சொன்னால்கூட ஒரு தூசி தேறாது.

"நல்லாத்தானே வந்துட்டிருந்துது, ஏன்க்கா எடுத்துட்ட?" என்றாள் தங்கை.

"உனக்கு முடியாதப்போ எனக்கு எதுக்கு இதெல்லாம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக எல்லாத்தையும் விட்டுடுற" என்று அழுதாள்.

பயன் தீர்ந்த வைக்கோலை வீணாக்க வேண்டியதில்லை, டாக்டர். மண்ணுக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. பதினெட்டுப் பையையும் கிழித்து, வீட்டுக்குப் பின்னால் வடக்குப் பக்கம் இருந்த கீரைப் பாத்தியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். அங்கே வெயில் விழாது, ஈரம் காயாது. புழுக்கள் வந்தன, மண் கறுத்துப் பொலபொலவென்று ஆனது. அந்தப் பாத்திக்கு நேர் மேலே இருப்பதுதான் அவள் படுக்கையறை ஜன்னல்.

இந்த ஐந்து வாரத்தில் அவள் தேறிவிட்டாள். இருமல் குறைந்துவிட்டது, வாசல் வரை தனியாக நடக்கிறாள். போன ஞாயிறு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். அங்கே அவளால் படி ஏற முடியாதே என்று, லிஃப்ட் இருக்கிற கட்டிடமாகத் தேடி வீடு பிடித்துவிட்டாராம். "லிஃப்டை நானே பிரிச்சுப் பாத்துட்டேன், இனி உன்னை மாட்டிவிடாது" என்றார். அவள் இருமாமல் சிரித்தாள். வருகிற திங்கட்கிழமை பதிவு. எனக்கும் சந்தோஷம்தான். துணிகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

நேற்று முன்தினம் நல்ல மழை. இன்று காலை பாத்தியைப் பார்த்தேன். பழைய வைக்கோலைக் கொட்டிய இடத்தில் ஈரம் பட்டால் இன்னொரு தடவை பூக்கும் என்று கடைக்கார அம்மா எப்போதோ சொன்னது சரிதான். பாத்தி நெடுக, வைக்கோலுக்கு மேலே, கொத்துக் கொத்தாக வெள்ளை. கட்டைவிரல் அளவு. நாளை மறுநாள், வியாழக்கிழமை அறுக்கலாம். சனிக்கிழமை ஓரம் சுருளும்.

கிள்ளிப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் நான் வைத்தவை இல்லையே அவை, தானாக வந்தவை. தானாக வருவதற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

எப்படியும் உண்மையைச் சொல்லிவிட்டேன், மனசிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. உறையில் தபால்தலை ஒட்டியாயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை, பதிவுத் தேதிக்கு மறுநாள், இதைத் தபாலில் சேர்ப்பேன். அதுவரை, நீங்கள் சொன்னபடியே, அவள் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.