ஒரே முட்டை, வேற வேற தண்ணி

இல்ல மேடம், போட்டோவ அப்டி ஓரமா வச்சிராதீங்க, இன்னொரு தபா பாருங்க. நெறம் வேறயா கீது, சரி. மூஞ்சி வத்திப் போச்சு. அதுக்காவ உங்க ஹோமுக்குள்ள ஒக்காந்துகினு கீறவன் எம் புள்ள ஆதில் இல்லன்னு ஆயிடுமா?

அவன் காஷ்மீர்ல மீன் பண்ணையில வேலைக்குப் போனவன். பிரவுன் ட்ரௌட்டுன்னு ஒரு மீனு. நம்ம சைதாப்பேட்டை மார்க்கெட்டுல கெடைக்காது, ஐஸ் மாதிரி தண்ணி வோணும் அதுக்கு. வெள்ளக்காரன் அவன் ஊர்லேந்து முட்டையா கப்பல்ல கொணாந்து உட்டதாம். போன் பண்ணா அந்தப் பேச்சுதான். ஒரே மீனுதான் அத்தா, ஓடையில வளந்தா மஞ்சளா செவப்புப் புள்ளியோட கீது, கருந்தண்ணியில கெடந்தா கருத்துப் பூடுது, கடலுக்குப் போனா வெள்ளி கணக்கா ஆயிடுதும்பான். அந்தக் காலத்துல படிச்சவங்களே ஏமாந்து ஒண்ணொண்ணுக்கும் தனிப் பேரு வச்சிட்டாங்கன்னு சிரிப்பான்.

மீனுக்கே அப்டின்னா, ரோட்டுல வெயில்ல கெடந்து நீங்க கூட்டியாந்த புள்ள எப்டி இருப்பான், சொல்லுங்க.

பேச மாட்டானா? தெரியும் மேடம், வந்ததுமே சொன்னீங்களே. பரவால்ல. எந்திரிக்காதீங்க, கொஞ்சம் ஒக்காருங்க.

மந்தைவெளில எங்க வூட்டம்மா வஜீஹா படுத்துகினு கீறா. சக்கரையில கண்ணு ரெண்டும் போச்சு, இப்ப கிட்னியும் போச்சு. இனிமே வூட்லயே வச்சிப் பாத்துக்கங்கன்னு டாக்டரு அனுப்பிட்டாரு. கதவு சத்தம் கேட்டா போதும், ஆதிலான்னு கைய நீட்டுறா. நான் உள்ள வந்தாலும் அதே கேள்வி. எனுக்கு வூட்டுக்குப் போவவே பயமா கீது மேடம்.

டிஎன்ஏ டெஸ்டா? எதுக்கு மேடம் அதெல்லாம். அந்தப் புள்ளைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துகினு. வோணாம், ஒத்துப் போவாது.

ஆதில் அங்க ஆத்து வெள்ளத்துல பூட்டான். நாந்தான் போயி அடக்கம் பண்ட்டு வந்தேன். அவகிட்ட மட்டும் இன்னும் தேடிகினு கீறேன்னு சொல்லி வச்சிக்கீறேன்.

இந்தப் புள்ள ஒண்ணும் பேச வோணாம். ஒரு சாயங்காலம் வந்து அவ பக்கத்துல ஒக்காந்து கையக் குடுத்தா போதும். நீங்களும் கூட வாங்க மேடம்.