தட்டச்சில் உதவிய தோழி

ஹலோ... ஆமா, நான்தான்... பாத்தேன். பாத்துட்டேன்டி... புத்தகக் கடையில, வேற எங்க? வாசல்லயே அடுக்கி வெச்சிருக்காங்க. அட்டை நல்லா இருக்கு. 'நவீன ஓவிய இயக்கங்களின் அறிக்கைகள்'. கீழ 'தமிழில்'னு போட்டு உன் பேரு... ஆமா ஆமா, உன் பேரு மட்டும்.

...இரு இரு, பதிப்பாளர் தலையில கட்டாத. அவருக்கு என்னைத் தெரியுமா முதல்ல? நீ சொன்னாத்தானே தெரியும்!

...நன்றிப் பக்கமா? அதையும் படிச்சேன். 'தட்டச்சில் உதவிய தோழிக்கு'. தட்டச்சு! நூலகத்து மாடியில, ஓடாத ஃபேனுக்குக் கீழ உக்காந்து அகராதியப் புரட்டினது யாரு? அர்த்தமில்லாததுதான் கலைன்னு கெளம்பின அந்த டாடா இயக்கத்துக்காரங்க உளறினதத் தமிழ்ல எப்படி உளறலாம்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்திப் பாத்தோமே, நூலகர் வந்து வெளிய போங்கன்னு விரட்டினாரே... அப்பவும் நான் டைப்பிஸ்டா?

...ம்... ம்... எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் வரலதான். வர முடியல. அதனாலதானே மொழிபெயர்ப்பு முழுசையும் உனக்கு அனுப்பினேன்? 'நீ அப்பாவப் பாரு, இத நான் பாத்துக்கறேன்'னியே. நல்லாத்தான் பாத்துக்கிட்ட.

...அழாத. ப்ச், அழாதன்னு சொல்றேன்ல... சரி... சரி, விடு. நீயா கூப்பிட்டியே, அதுவே... என்ன? நாளைக்குப் புத்தக அறிமுகக் கூட்டமா?... ம்... என்ன கேப்பாங்க?... 'நாம்'னு போடாம எல்லா இடத்துலயும் ஏன் 'நாங்கள்'னு போட்டோம்னா? ஏய், அதுக்குத்தானே அவ்வளவு சண்டை! நீ 'நாம்'தான்னு ஒத்தக் கால்ல நின்ன. நான் என்ன சொன்னேன்? அறிக்கை எழுதறவன் படிக்கறவன் தோள்ல கை போடலடி, மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்தறான். 'நாங்க வந்துட்டோம், நீ ஒதுங்கு'ங்கறான். 'நாம்'னு போட்டா அந்தத் திமிரே போயிடும். அதுலயும் எதிர்காலவாதிங்க மியூசியத்த இடிக்கணும்னு கெளம்பறாங்களே, அந்த எடத்துல...

...என்ன, 'மெதுவா'வா?

...மெதுவா எதுக்கு?

...எழுதிக்கறியா?

...

இல்ல. மீதியச் சொல்ல மாட்டேன்... மாட்டேன்டி. மேடையில வாயில வந்ததச் சொல்லிக்க... கத்தல, நான் கத்தவே இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அழுதுக்கிட்டுத்தானே இருந்த? பேனாவ எப்ப எடுத்த?

...ஹலோ?

...ஹலோ?