கோட்டின் சாய்வு

அக்கா: ...அவ்வளவுதான், எல்லாப் புள்ளியையும் சேர்த்துட்டேன். இங்க பாரு.

தம்பி: டீ ஆறுதுக்கா.

அக்கா: ஆறட்டும். கீழே நிமிஷம், மேலே கிலோமீட்டர். உன் ஆம்புலன்ஸ்ல இருக்கற கருவி நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிச்சது. நானா எதையும் சேர்க்கலை.

தம்பி: கணக்கு டீச்சருக்குத் தம்பியாப் பொறந்தது என் தலையெழுத்து.

அக்கா: விளையாடாதே. விடிஞ்சா விசாரணை. நீ மெதுவா உருட்டிக்கிட்டுப் போனதாலதான் தன்னோட அப்பா செத்தார்னு அந்த நோயாளியோட பையன் எழுதிக் குடுத்திருக்கான். வேலை போயிடும்டா.

தம்பி: ம்... அந்தப் பையனோட அம்மாவும் வருவாங்களா?

அக்கா: வராம? உன் பக்கத்துல உட்கார்ந்து வந்தவங்களாச்சே... சரி, இதைக் கவனி. முதல் பதினாலு நிமிஷம், பதினாலு கிலோமீட்டர். மணிக்கு அறுபது. கோடு ஜம்முனு ஏறுது.

தம்பி: ரோடு காலியா இருந்துச்சு.

அக்கா: அப்புறம் நாலு நிமிஷம் கோடு படுத்துடுச்சு. வண்டி நகரவே இல்லை.

தம்பி: நர்ஸ் பின்னாடி கண்ணாடியைத் தட்டினாங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர் மாத்தணும்னு... ஓரங்கட்டிட்டு நானும் பின்னாடி போனேன்.

அக்கா: சரி, போனே. விட்டதைப் பிடிக்கப் பறந்திருக்க வேண்டாமா? மிச்சம் ஆறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிஷம்! வெறும் இருபதுடா!

தம்பி: டிராஃபிக்.

அக்கா: டிராஃபிக்னா நின்னு நின்னு போகும். கோடு படிக்கட்டு மாதிரி வரும். இது ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி இருக்கு. ஒரு இடத்துலகூடச் சாய்வு கூடலை, குறையலை. வேணும்னே ஓட்டினாத்தான்...

தம்பி: அந்தத் தாளைக் குடு.

அக்கா: எதுக்கு, கிழிக்கவா? என் முகத்தைப் பாரு. சிலிண்டர் மாத்தினீங்களா?

தம்பி: சிலிண்டர் எல்லாம் இல்லைக்கா. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நெஞ்சை அமுக்கினோம். அப்புறம் நர்ஸ் என்னைப் பார்த்து இல்லைன்னு தலையாட்டினாங்க... நான் முன்னாடி வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா, "தூங்கறாரா?"ன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன். "எந்திரிச்சதும் முதல்ல அந்தத் தாடியை எடுத்துவிடணும், என் பேச்சை எங்க கேக்கறார்"னு சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தாங்க... அறுபதுல போனா ஆறே நிமிஷம்க்கா. இருபதுல போனா, இன்னும் பன்னெண்டு நிமிஷம் அவருக்கு உயிர் இருக்கும்.