பந்தியில் ஓடிய கணக்கு

ரசத்தில் எந்தக் குறையும் இல்லை, ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சமையல்காரர் மேல் பழி வரக்கூடாது.

என் பெயர் கோமதிநாயகம். அசாமில் ஓர் எண்ணெய்க் கிணற்று அலுவலகத்தில் வேலை. பூமிக்கடியில் பாறைக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். ஒரு பக்கம் தண்ணீரைச் செலுத்தினால் மறுபக்கம் எண்ணெய் வரும். வருஷக்கணக்கில் இப்படிச் செய்தால் தண்ணீர் பாறையை அரித்துத் தனக்கொரு பாதை போட்டுக்கொண்டு, எண்ணெயைத் தொடாமலே ஓடிவிடும் என்பது என் கட்சி. பாறையாவது மாறுவதாவது என்பது என் மேலதிகாரியின் கட்சி. கம்ப்யூட்டர் இருப்பதோ பம்பாயில். அதில் என் கணக்கை ஓட்டிப் பார்க்க அந்த மனுஷன் கையெழுத்துப் போடவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் செய்வது பெரிய வித்தை இல்லை. பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கிறது. வரிசையாக உட்கார்ந்து, சொன்னதைச் செய்கிற ஆட்கள் இருந்தால் போதும்.

தங்கை முருகம்மாளின் நிச்சயத்துக்காக லீவில் சங்கரன்கோவில் வந்தேன். சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில், பட்டாசாலையில், பந்திக்கு உட்கார்ந்தார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, அவர்கள் பெண் வீட்டில் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி.

ஆளுக்கொரு கரண்டி கொடுத்தேன். இலையில் விழுந்த சோறு பாறை, அதில் ஊற்றிய நெய் எண்ணெய். சோற்றில் குழி பறிக்கச் சொல்லி, முதல் இலையில் ரசத்தை ஊற்றினேன். நான் மணியடிக்கும்போதெல்லாம் அவரவர் குழி ரசத்தை அடுத்த இலைக்குத் தள்ள வேண்டும். சோறு கரையக் கரையக் குழியைப் பெரிதாக்கி, கூடுதலாகத் தள்ள வேண்டும். முடியும்வரை யாரும் ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துப் பயபக்தியோடு செய்தார்கள்.

கடைசி இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா தங்கப்பழம். அவர்தான் கிணறு. பொழுது சாயும்போது வாய் திறந்தார்.

"என்னவே இது? உங்க ஊரு பழக்கம்னு பொறுத்துக்கிட்டு இருக்கேன். பசியில கண்ணு இருட்டுதுவே."

"இன்னும் கொஞ்ச நேரந்தான் மாமா. ரசம் மட்டும் வருதா, நெய்யும் சேந்து வருதா? அதை மட்டும் சொல்லுங்க."

"வெறும் ரசந்தாம்வே வருது. மடியெல்லாம் கொட்டுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெய் அத்தனை இலைகளிலும் சோற்றோரத்திலேயே நின்றுவிட்டது. நான் சொன்னது சரி.

கதவை வெளியே பூட்டியதாகப் புகாரில் இருக்கிறது. அது தவறு. உள்பக்கமாகத்தான் பூட்டினேன், சாவி என் இடுப்பில் இருந்தது. மாப்பிள்ளையின் சித்தி மயங்கி விழுந்தபோதுகூட நான் கைவிடவில்லை. அவர் இலையை நானே பார்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவர்கள் கதவை உடைத்துக்கொண்டு, கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். முருகம்மாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா என் மேல் புகார் எழுதிக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

சம்பந்தம் முறிந்ததற்கு நான் பொறுப்பா, ஐயா? அதைத் தேடிக் கொண்டுவந்ததே நான்தான். முதலில் இளையரசனேந்தலில் ஒரு வரன் அமைந்திருந்தது. முருகம்மாளுக்கும் அந்தப் பையனைப் பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான். அதை வைத்து என்ன கணக்குப் போட முடியும்? போன லீவில் நானே போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு, பந்தி நிறைய ஆளுள்ள வீடாகப் பார்த்தேன். தங்கை கல்யாணத்தில் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட அண்ணன் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.