குடுத்த மாதிரியே

கடைசியா எங்க மச்சான நான் உசுரோட பாத்தப்ப, அவரு இந்தத் தார்த்தரையில வெறுங்காலோட நடந்து போய்க்கிட்டிருந்தாரு சார். நல்ல உச்சி வெயிலு. ஆஸ்பத்திரியில பாத்ததெல்லாம் கணக்குல சேராது, அங்க அவரு கண்ணே தெறக்கல... பாத்து ஏறுங்க, மூணாவது படியில கிரீஸு ஒழுகிக் கெடக்கு. மிதிச்சிட்டீங்களா. பரவால்ல. தொடைக்கத் துணி கேட்டு எழுதிப் போட்டிருக்கோம். வரும், வரும்.

எந்த மச்சானா? என் தங்கச்சி புருஷன் சார். இந்த விமானத்துக்கு உள்வேலை எல்லாம் அவரு பொறுப்பு. சீட்டு, தரை, ஜன்னல். நான் இந்தப் படிவண்டி ஓட்டுறவன், வாசல் வரைக்கும்தான் நம்ம ராஜ்யம். அவர எல்லாரும் கம்பளம்னுதான் கூப்பிடுவாங்க. ஏன்னு சொல்றேன், இருங்க. பின்வாசல்லயும் ஒரு படி போடச் சொன்னீங்க, போட்டாச்சு. ஒருத்தர் ஏற ரெண்டு படி எதுக்குனு நான் கேக்கவே இல்ல.

உங்க வாடகைக் கம்பெனி சர்க்காரோடது. எங்க விமானக் கம்பெனியும் சர்க்காரோடது. இத வாங்க உங்களுக்குக் கடன் குடுத்த பேங்கும் சர்க்காரோடதுதான். பன்னெண்டு வருச வாடகைக்கு எங்களுக்கு விட்டீங்க. ஒரே வீட்டுல அண்ணன் தம்பி நடுவுல சுவர் எழுப்பி, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாடகை கேட்ட கதை. ஆளே ஏறாத ஊருக்கெல்லாம் பறக்கணும்னு எங்களுக்கு உத்தரவு வரும். பறந்தோம். ஏறுறவங்கள்ல பாதிப் பேரு சர்க்கார் ஆளுங்க, டிக்கெட்டுக்கு அப்புறமா தருவாங்க. அப்புறம்னா எப்பன்னு கேக்குற தைரியம் யாருக்கு இருக்கு? எண்ணெய்க்குக் கடன், டயருக்குக் கடன், உங்களுக்கு வாடகை பாக்கி. நீங்க நோட்டீஸ் விட்டீங்க. கையெழுத்துப் போட்டது யாரு? உங்க தலைவரு. வாங்கிக்கிட்டது யாரு? எங்க தலைவரு. ரெண்டும் ஒரே ஆளு சார். மூணாவது மாடியில உங்க ஆபீஸுல உக்காந்து கோவப்படுவாரு, நாலாவது மாடியில எங்க ஆபீஸுக்குப் போய் வருத்தப்படுவாரு. நடுவுல லிஃப்ட்ல என்ன நெனைப்பாரோ.

சிரிங்க, சிரிங்க. நாங்களும் சிரிச்சோம்.

வாடகைப் பத்திரத்துல ஒரு வரி இருக்குல்ல, குடுத்த மாதிரியே திருப்பிக் குடுக்கணும்னு? அத ரெண்டு கம்பெனியிலயும் நம்பின ஒரே ஆளு எங்க மச்சான். கம்பளத்துல கறை பட்டா நாளைக்குப் பேச்சு வரும்னு, கூட்டுறவன், ரிப்பேர் பாக்குறவன், யாரா இருந்தாலும் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். ஒரு தடவ பைலட்டையே நிறுத்திட்டாரு. "தம்பி, வானத்துல நீங்க எப்படி வேணா போங்க, இங்க வெறுங்காலோட வாங்க"ன்னாரு. சரி, கழட்டினத எங்க வைக்கிறது? படியில வைக்கக் கூடாது. காத்துல ஒரு செருப்பு பறந்து இஞ்சின் வாயில போச்சுன்னா கதை முடிஞ்சது. அதனால கதவுக்கு உள்பக்கம் பேப்பர் விரிச்சு, அதுமேல வைக்கணும். அப்படி ஒரு ஒழுங்கு. வீட்டுல அதே மனுசன் செருப்புக் காலோட கட்டில்ல சாய்வாரு, என் தங்கச்சி கத்துவா. இங்க வந்துட்டா மட்டும் சாமி மாதிரி.

அன்னிக்கு உங்க ஆளுங்க பறிமுதல் பண்ண வந்தாங்க. முன்கதவ மூடி சீலு ஒட்டிட்டு, அதுக்கப்புறம்தான் உள்ள ஆள் இருக்கானான்னு பாத்தாங்க. என்ன ஒரு மூளை. மச்சான் கடைசி வரிசையில சீட்டுக்கு அடியில தேச்சுக்கிட்டிருந்தாரு. பின்வாசல் வழியா எறங்குன்னாங்க. செருப்பு முன்னாடி இருக்குன்னாரு. பறிமுதல் ஆகும்போது உள்ள இருக்கிறதெல்லாம் விமானத்தோட சேத்தின்னு பத்திரத்துல இருக்கு, தொடாதேன்னாங்க. வேற ஆளா இருந்தா சட்டையப் பிடிச்சிருப்பான். இவரு ஒரு நிமிசம் யோசிச்சாரு. "ஆமா, அப்படித்தான் இருக்கு"ன்னாரு. எறங்கிட்டாரு.

என் வண்டி மேலதான் உங்க ஆளுங்க ஏறி நின்னுக்கிட்டிருந்தாங்க, இல்லேன்னா அதுலயே ஏத்திட்டுப் போயிருப்பேன். "மச்சான், என் செருப்பப் போட்டுக்கங்க"ன்னேன். "உன் செருப்புல என் கட்டவிரல்தான் நுழையும்"னு சொல்லிட்டு நடந்தாரு. அதான் கடைசியாப் பேசினது. சர்க்கரை உடம்பு சார். கால்ல சூடு தெரியாது. தோசைக்கல்லாட்டம் கொதிக்குது தரை, அவரு பாட்டுக்கு காத்து வாங்கப் போற மாதிரி போறாரு. கொப்புளம் புண்ணாகி, புண்ணு மேல ஏறி... விடுங்க.

தங்கச்சி அந்தச் செருப்பு வேணும்கிறா. எதுக்கும்மான்னேன். "வெறுங்காலோட போயிட்டாரேன்னு இருக்குண்ணே, படுத்தாத் தூக்கம் வரல"ங்கிறா. மூணாவது மாடிக்குப் போனேன், நாலாவது மாடி சம்மதிக்கணும்னாங்க. நாலாவது மாடிக்குப் போனா, அது எங்க பொருளே இல்ல, மூணாவது மாடியக் கேளுங்கிறாங்க. வருசம் ஒண்ணாச்சு, ஏறி ஏறி எறங்குறேன். ஒரு நாள் தலைவரே என்கூட லிஃப்ட்ல வந்தாரு. எந்த மாடியில எறங்குறாருன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி கேக்கலாம்னு காத்திருந்தேன். அவரு கீழ எறங்கி வீட்டுக்குப் போயிட்டாரு.

இப்ப இத வேற யாரோ வாடகைக்கு எடுக்குறாங்களாமே? ...இன்னொரு சர்க்கார் கம்பெனியா. நல்லது. சொத்து குடும்பத்த விட்டு வெளிய போகக் கூடாது பாருங்க.

சீலக் கிழிங்க சார், நீங்கதான் கிழிக்கணும், நான் கைய வச்சா ஜெயிலு. ம்... பூட்டின வீட்டு வாடை. தோ பாருங்க, பேப்பர் மேல, வச்சது வச்ச மாதிரியே. இதான் சார். நான் எடுத்துக்கட்டுமா? நீங்க ஒரு தலையாட்டு ஆட்டினாப் போதும்...

சார், ஷூ. சார், ஷூவக் கழட்டிட்டு... கிரீஸு சார், கால்ல கிரீஸு இருக்கு...

ஓ, ஃபோனா. பேசுங்க, பேசுங்க. நான் இங்கயே நிக்கிறேன். எடுக்கலாமான்னு மட்டும் சொல்லிட்டுப் போனீங்கன்னா...

சார்?

பின்வாசல் வழியா எறங்கியாச்சு. அதுக்குத்தானா ரெண்டு படி. ஜீப்பும் கெளம்பிடுச்சு. எடுன்னும் சொல்லல, எடுக்காதேன்னும் சொல்லல. மூணரை மாடி போல.

சரி மச்சான், மொறைக்காதீங்க, கழட்டிட்டுத்தான் வரேன். ஒரு எட்டுதான், இருந்தாலும் கழட்டிட்டேன். ...காஞ்சு வெறைச்சுப் போச்சு. பேப்பரும் சேந்து ஒட்டிக்கிட்டு வருது. வாங்க, வீட்டுக்குப் போவோம்.

கம்பளம் அவங்க குடுத்த மாதிரியேதான் இருக்கு. நடுவுல மட்டும், இந்த வாசல்லேருந்து அந்த வாசல் வரைக்கும், கிரீஸு ஷூத் தடம்.