ஏழாவது ஜோடிச் செவுள்

சாந்தோமில் பிறந்து மீன் வாசனையே ஆகாது என்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதனால்தானோ என்னவோ, கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனதும் மீனை விட்டுவிட்டுப் பூச்சிப் பக்கம் போனேன். பெயர் ஆரோக்கியநாதன். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

ஒருநாள் பூச்சி என்று ஒன்று உண்டு. இறக்கை முளைத்தபின் அதற்கு ஒரு நாள்தான் ஆயுசு. அதற்கு முன் மாதக்கணக்கில் ஆற்றுக்கல்லின் அடியில் இளம்பூச்சியாகக் கிடக்கும். என்ன இனம் என்று சொல்ல அந்த இளம்பூச்சியைத்தான் பார்க்க வேண்டும். மூன்று வால், காலுக்கு ஒரு நகம், வயிற்றின் இரு பக்கமும் ஏழு ஜோடிச் செவுள். செவுள்தான் அதற்கு ஜாதகம். சைதாப்பேட்டைப் பாலத்துக்கு மேற்கே அடையாற்றில் கிடைத்த ஒன்றில் ஏழாவது ஜோடி மட்டும் நூல்நூலாகப் பிரிந்திருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம். அதை முதலில் கண்டவன் அட்டெண்டர் தேசப்பன் என்று அவன் மனைவி முத்தம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். "சார், இதுக்குக் கடைசி செவுள் வேற மாதிரி கீது" என்று அவன் சொன்னது உண்மைதான். கண்ணில் படுவது வேறு, அடையாளம் காண்பது வேறு.

அதற்கு என் மகள் நோராவின் பெயரை வைப்பதாக இருந்தேன். ஆறு வயதில் தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டாள். கல்லறையில் இருக்கும் பெயரைக் கடற்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் ஏறிவிட்டால் அழியாது.

ஒன்பது வருஷத்தில் கிடைத்தவை நான்கே நான்கு. அழுகாமலிருக்க அவற்றை ஒரே சீசாவில் சாராயத்தில் போட்டுத் தக்கையால் மூடிவிட்டு, 1934 கோடை விடுமுறைக்குப் பெங்களூர் போனேன். அலமாரிச் சாவி தேசப்பனிடம். ஜூலையில் திரும்பி வந்து சீசாவை அப்படியே லண்டன் மியூசியத்துக்கு அனுப்பினேன். நவம்பரில் பதில் வந்தது. உடல் அழுகியிருக்கிறது, செவுள்கள் உதிர்ந்துவிட்டன, இனம் சொல்ல இயலாது. அலமாரியில் மிச்சமிருந்த சீசாக்களை முகர்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர்.

தேசப்பன் ஒரு காலத்தில் பெருங்குடிகாரன் என்பது ஊருக்கே தெரியும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தது என் தப்பு. அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான். இல்லை என்று சொல்லப்போகிறவனிடம் எதற்குக் கேட்பது?

மேசை நாற்காலிக்குப் பாலீஷ் போடுகிறவர்கள் வாங்கும் சாராயம் ஒன்று உண்டு. குடித்தால் முதலில் கண் போகும். என் நோராவை இரண்டாம் தடவை புதைத்தவனுக்கு அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து தேசப்பன் வழக்கம்போல என் வீட்டுக்கு வந்தான். கேக் கொடுத்தேன். பிறகு அந்தச் சாராயத்தில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து ஒரு கிளாஸ் நீட்டினேன்.

"வேணாம் சார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கினு நாலு வருசமா தொட்றதில்ல."

அந்த நடிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பண்டிகை நாளில் கொடுக்கிற கையைத் தட்டாதே, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றேன். தயங்கினான். சிலுவை போட்டுக்கொண்டு குடித்தான். இன்னொரு கிளாஸும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் சுத்தமாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"சார், லண்டன்லேருந்து லெட்டர் வந்துச்சா? மே மாசம் எல்லா சீசாலயும் சாராயம் வத்திப்போச்சு. பாப்பா பேரு வெக்கிற பூச்சி காஞ்சிடப் போவுதேன்னு நான்தான் தண்ணி ஊத்தி வெச்சேன். உங்களாண்ட சொல்ல மறந்துட்டேன்."

கத்திரி வெயிலில் தக்கை சுருங்கும், சாராயம் ஆவியாகும். வருஷாவருஷம் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பதுதான். அதை எங்கேயோ ஓரமாக நின்று கேட்டு வைத்திருக்கிறான். அன்று சாயங்காலம் இறந்துபோனான்.

ஆம், நான்தான் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அவனை மன்னித்துவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாகிற நேரத்தில்கூட அவன் குடித்ததை ஒப்புக்கொள்ளவில்லை.